விற்கும் முன் எழுதி வையுங்கள்: மலையகத்தில் அரிய நூல் வியாபாரமும் தொலைக்காட்சி வேலையும் – முழுமையான வழிகாட்டி

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்காகப் பழைய லயங்களை, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளைப் படம்பிடிக்கப் போயிருந்தோம். மழைக்கு ஒரு காம்பராவில் (லயத்து அறையில்) ஒதுங்கியபோது, அடுப்புக்கு மேலே பரணில் புகை படிந்த தகரப் பெட்டி ஒன்று கண்ணில் பட்டது. வீட்டிலிருந்த அம்மாயி இறக்கித் திறந்து காட்டினார். சினிமாப் பாட்டுப் புத்தகங்கள் ஒரு கட்டு, தொழிற்சங்க மே தின மலர் ஒன்று, அட்டை கழன்ற நாவல் ஒன்று. நாவலின் நடுவில், படித்த இடத்துக்கு அடையாளமாக, நாலாக மடித்த சம்பளச் சீட்டு.

“எங்க வீட்டுக்காரரு சேத்து வச்சது தம்பி. எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனா அடுப்புல போட மனசு வரல.”

அன்றைக்கு நான் விலை பேசவில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். ஒரு மாதம் கழித்துத் தனியாகப் போய் வாங்கி வந்தேன். என் முதல் சரக்கு அதுதான்.

இப்போது மாதத்தில் பாதி நாள் படப்பிடிப்பிலும் மீதி நாள் புத்தகத்தோடும் போகிறது. அட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்துத் தம்பி தங்கச்சிமார் பலர் “இதை எப்படி அண்ணா தொடங்குறது?” என்று கேட்கிறார்கள். வட்ஸ்அப்பில் துண்டு துண்டாகச் சொன்னதையெல்லாம் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். 1948 குடியுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களை, இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்தவர்களை, நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு என்று அதில் எழுதினார்கள். தலைமன்னாரில் கப்பலேறிய குடும்பங்கள் பாத்திரம் பண்டத்தை எடுத்துப்போனார்கள். புத்தகக் கட்டைப் பக்கத்துக் காம்பராவில் கொடுத்துவிட்டுப் போனவர்கள் அநேகம். 1977இலும் 1983இலும் நடந்த வன்செயல்களில் வீட்டோடு சேர்ந்து எரிந்தவை எத்தனையோ. நூலகத்தில் எப்படியும் ஒரு பிரதி இருக்கும் என்று இந்த நாட்டில் நம்பி இருக்க முடியாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின. ஆகவே ஒரு லயத்துப் பரணில் கிடப்பது கடைசிப் பிரதியாகவே இருக்கலாம். அதை எங்கே, யாரிடம், எந்த நிலையில் எடுத்தோம் என்று எழுதாமல் விற்றால் அந்தக் குடும்பத்தின் கதையையும் கூடவே தொலைத்துவிடுகிறோம். இந்த வழிகாட்டியில் மற்றதெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை, இதை மறக்கவேண்டாம்.

முதற்படி: எதைத் தேடுவது

மலையகத்தவரே எழுதிய நூல்கள்தான் முதலிடம். சி. வி. வேலுப்பிள்ளை, தெளிவத்தை ஜோசப், சாரல் நாடன் இவர்களின் முதற் பதிப்புகளைக் கண்டால் விடாதீர்கள். தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ 1974இல் வீரகேசரிப் பத்திரிகை நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. 2013இல் அவருக்கு விஷ்ணுபுரம் விருது கிடைத்தபிறகு தமிழ்நாட்டு வாசகர்களும் அவரைத் தேடத் தொடங்கினார்கள். 1970களில் இந்தியச் சஞ்சிகை, புத்தக இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்ததால்தான் உள்நாட்டு வெளியீடுகள் அவ்வளவு பெருகின. அந்தக் காலத்து மலிவுப் பதிப்புகள் வாசித்து வாசித்துக் கிழிந்து போனவை. கிழியாத பிரதிக்கு மதிப்பு வருவது அதனால்தான்.

அதற்கும் முந்தியது கோ. நடேசய்யர் காலம். 1920களில் ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ பத்திரிகைகளை நடத்தியவர், 1936இல் அட்டன் தொகுதியில் அரசாங்க சபைக்கு (அன்றைய சட்டசபைக்கு) தெரிவானவர். அவரும் மனைவி மீனாட்சி அம்மையும் தோட்ட மக்களுக்காகச் சின்னச் சின்னப் பாட்டுப் பிரசுரங்கள் அச்சிட்டார்கள். அந்தக் காலத்துப் பிரசுரம் ஒரு தாள் கிடைத்தாலும் அதை வியாபாரச் சரக்காக நினைக்காதீர்கள். முதலில் நூலகத்துக்குக் காட்டுங்கள்.

அடுத்தது துரைமார், அதாவது வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரிகளின் புத்தகங்கள். தோட்டங்களின் பெயர், ஏக்கர், துரையின் பெயர் எல்லாம் பட்டியலிட்ட பெர்குசன் டிரக்டரி. 1907இல் ஆர்னல்ட் ரைட் தொகுத்த, படங்கள் நிறைந்த பெரிய இலங்கை நூல். சின்னத்துரைமார் (உதவி அதிகாரிகள்) தமிழ் பேசக் கற்க அச்சிட்ட சட்டைப்பைக் கையேடுகள். அந்தக் கையேடு ஒன்றின் தலைப்பே ‘இங்கே வா’. அதைக் கையில் வாங்கிய அன்று அந்த இரண்டு சொல்லைத் தாண்டி எனக்கு வாசிக்க முடியவில்லை. தாத்தாமாரை எப்படிக் கூப்பிட்டார்கள் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. பழைய தோட்டக்காரர்களின் பேரப்பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து இவற்றைக் கேட்கிறார்கள். நம்மவர்களும் வாங்கவேண்டும் என்பது என் ஆசை.

சினிமாப் பாட்டுப் புத்தகம், அம்புலிமாமா, 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸ் இவை வேகமாகப் போகும் சரக்கு. பள்ளிக்கூட வெள்ளிவிழா மலர், கும்பாபிஷேக மலர், மே தின மலர் மெதுவாகத்தான் போகும். ஆனால் வாங்குகிறவர் தேடித் தேடி வந்து வாங்குவார், ஏனென்றால் அதில் அவருடைய அப்பாவின் படம் இருக்கும். பழைய பாடநூல், சஞ்சிகைச் சுருக்கப் பதிப்புகள், கலைக்களஞ்சியத் தொகுதியில் நடுவே ஒன்றிரண்டு போன்றவற்றில் காசைப் போடவேண்டாம்.

இன்னொன்று. புத்தகத்துக்குள் பிரஜாவுரிமைச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், பாஸ்போட், கடிதம் அகப்படும். அவை விற்பனைக்கு இல்லை. உரியவரிடம் திருப்பிக் கொடுங்கள்.

இரண்டாம் படி: எங்கே வாங்குவது, எப்படி வாங்குவது

பழைய பேப்பர், போத்தல் வாங்குகிற கடைதான் முதல் பள்ளிக்கூடம். கிலோ விலைக்கு மேலே கொஞ்சம் சேர்த்துத் தருவதாகச் சொல்லி, தமிழ்ப் புத்தகம் வந்தால் ஒதுக்கி வைக்கக் கேளுங்கள். வாரம் ஒருமுறை தவறாமல் போங்கள். இரண்டு வாரம் போகாவிட்டால் ஒதுக்கி வைத்தது கடலைச் சுருளாகிவிடும். ஓய்வுபெற்ற மாஸ்டர்மார், டீச்சர்மார் வீடு மாறும்போதும் நிறையக் கிடைக்கும். கொழும்புக்குப் படப்பிடிப்பு வேலையாகப் போகிற நாளில் டி. ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளை ஒரு சுற்றுப் பார்க்கலாம். செப்டெம்பரில் பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சியில் சரக்கு எடுப்பதைவிட ஆட்களைப் பழகிக்கொள்வதுதான் இலாபம்.

லயங்களிலும் வீடுகளிலும் வாங்குவதற்கு எனக்கு ஒரு கண்டிப்பு உண்டு. கெமராவோடு போன வீட்டில் அன்றைக்கு ஒன்றையும் வாங்கமாட்டேன். டிவிக்காரர் வந்திருக்கிறார் என்றாலே நம்ம ஆட்களுக்கு ‘இல்லை’ என்று சொல்ல வாய் வராது. தேத்தண்ணி போட்டுக் கொடுத்து, இருப்பதையெல்லாம் அள்ளிக் கொடுப்பார்கள். அந்த நேரத்தில் வாங்குவது கேட்டுப் பறிப்பதற்குச் சமம். ஒரு மாதம் விடுங்கள். தனியாகப் போங்கள். மகன், மகள் யாராவது வீட்டில் இருக்கிற ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போங்கள். “இது எனக்கு இவ்வளவுக்குப் போகும், நான் உங்களுக்கு இவ்வளவு தர முடியும்” என்று இரண்டு தொகையையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். விற்க மனமில்லை என்றால் படம் மட்டும் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

வாங்கினால் இரண்டு பிரதியாக ஒரு சீட்டு எழுதி ஒன்றை அங்கே கொடுங்கள். எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக விலை போனால், அந்தக் கூடுதலில் கால்வாசியை நான் திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்பேன். எழுதப்பட்ட சட்டம் எதுவும் இல்லை. ஆனால் ஒரு தோட்டத்தில் நம்பிக்கை கெட்டால் பக்கத்து ஐந்து தோட்டத்துக் கதவும் அடைபடும்.

மூன்றாம் படி: பதிவு

தொலைக்காட்சியில் நான் படித்த மிகப் பெரிய பாடம் லொக் ஷீட். எந்தக் காட்சி, எந்த இடம், எத்தனை மணி, யார் பேசினார் என்று அந்தந்த நேரத்திலேயே எழுதாவிட்டால் எடிட்டிங் மேசையில் எல்லாம் ஒரே பச்சை மலையாகத் தெரியும். புத்தகமும் அப்படித்தான். பத்துப் பெட்டி சேர்ந்தபிறகு எது எந்த லயத்தில் எடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒரு கொப்பி வாங்குங்கள். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஓர் இலக்கம். அந்த இலக்கத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் புத்தகத்துக்குள் வையுங்கள். புத்தகத்தில் எழுதியே ஆகவேண்டுமென்றால் மெல்லிய பென்சில் மட்டும், கடைசிப் பக்கத்து மூலையில். கொப்பியில் எழுதவேண்டியவை: எந்த ஊர், எந்தத் தோட்டம், எந்த நாள், யார் கொடுத்தார், அவருக்கு எப்படி வந்தது, கொடுத்த காசு, குறைந்த பக்கங்கள், உள்ளே இருந்த பொருள்கள், பேனாவால் எழுதியிருந்த வாசகம். அட்டை, தலைப்புப் பக்கம், பதிப்பு விபரப் பக்கம், முதல் பக்கம், கடைசிப் பக்கம் ஆகியவற்றைப் படம் எடுத்து அதே இலக்கத்தில் சேமியுங்கள்.

பேனாவால் எழுதியதை அழுக்கு என்று நினைக்காதீர்கள். என்னிடம் வந்த ஒரு நாவலின் உள்ளட்டையில் நீல மையில் “செக்ரோல் இல. 214, 5ஆம் நம்பர் லயம். படித்துவிட்டுத் தரவும்” என்று எழுதியிருந்தது. (செக்ரோல் என்றால் தோட்டத்துத் தொழிலாளர் பதிவேடு.) அதன் கீழே வெவ்வேறு கையெழுத்தில் ஏழு பெயர்கள். ஒரு பிரதியை ஒரு லயமே சுற்றிப் படித்திருக்கிறது! பெயர்களைக் கொப்பியோடு வைத்துக்கொண்டு, விளம்பரத்தில் போடும் படத்தில் மறைத்தேன். வாங்கியவர் அந்த உள்ளட்டைக்காகவே வாங்கினார்.

அடுத்து, அந்த நூல் ஏற்கெனவே காப்பாற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் ஈழத்து, மலையக நூல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அங்கே இல்லை என்றால் விற்கும் முன் முழுதாகப் படி எடுங்கள். அதை நீங்களாக இணையத்தில் ஏற்றக்கூடாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை எழுத்தாளர் இறந்து 70 ஆண்டு வரை இருக்கிறது. எழுத்தாளரின் குடும்பத்தைத் தேடிப் பிடித்து, அனுமதியோடு அப்படியான ஆவணக் காப்பகத்துக்குக் கொடுங்கள். “படி வெளியே வந்தால் விலை இறங்காதா?” என்று கேட்பார்கள். என் அனுபவத்தில் இறங்கியதில்லை. படித்துப் பார்த்தவர்தான் அச்சுப் பிரதியைத் தேடி வருகிறார்.

நான்காம் படி: ஆண்டும் பதிப்பும் கண்டுபிடித்தல்

அட்டையும் முதல் நாலு பக்கமும் போன புத்தகம்தான் மலையகத்தில் அதிகம் கிடைக்கும். அதற்கும் வழி உண்டு.

பக்கத்தின் பின்புறத்தை விரல் நுனியால் தடவுங்கள். எழுத்து புடைத்து நின்றால் ஈய எழுத்துக் கோத்து அச்சடித்தது. வழவழவென்று இருந்தால் பெரும்பாலும் ஓப்செட் அச்சு. எழுத்து வடிவத்தைப் பாருங்கள். துதிக்கை போட்ட பழைய ‘லை’, ‘ணை’, சுழித்த பழைய ‘றா’, ‘னா’ இருக்கின்றனவா? தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978இல். ஆகவே புது எழுத்தில் இருக்கும் சென்னைப் பதிப்பை ‘1960களின் முதற் பதிப்பு’ என்று யாராவது சொன்னால் சந்தேகப்படுங்கள். மறுபக்கமாக, இலங்கை அச்சகங்களில் பழைய எழுத்து அதற்குப் பிறகும் சில காலம் ஓடியது. பழைய எழுத்தைக் கண்டதும் மிகப் பழையது என்று முடிவு கட்டிவிடவும் கூடாது.

தமிழ் வருடப் பெயர் போட்டிருந்தால் அறுபது வருடச் சக்கரத்தில் கணக்குப் பாருங்கள். ‘துந்துபி வருடம் ஆவணி’ என்றால் 1922 அல்லது 1982. எது என்பதைத் தாளும் எழுத்தும் சொல்லிவிடும். ஆங்கிலத்தில் ‘சிலோன்’ என்று முகவரி இருந்தால் பெரும்பாலும் 1972 மே மாதத்துக்கு முந்தியது. சர்வதேச நூல் எண் பதின்மூன்று இலக்கமாக இருந்தால் பெரும்பாலும் 2007 அல்லது அதற்குப் பிந்தியது; இலங்கை நூலில் நடுவில் 955 அல்லது 624 வரும். 1970களின் உள்நாட்டுத் தாள், அதுவும் வாழைச்சேனை ஆலையில் வைக்கோலில் செய்தது, மங்கிய பழுப்பாக, விரலுக்குச் சொரசொரப்பாக இருக்கும். இதைக் கையால்தான் பழகவேண்டும். நூறு புத்தகம் தொட்டபிறகு விரல் தானாகச் சொல்லும்.

இவ்வளவும் பார்த்தும் தெரியாவிட்டால் பேராதனைப் பல்கலைக்கழக நூலகம், கொழும்பில் தேசிய நூலகம், தேசிய சுவடிகள் காப்பகம் இந்த மூன்றில் ஒன்றில் முழுப் பிரதியோடு ஒப்பிடுங்கள். ஊகத்தை உண்மையாக எழுதி விற்காதீர்கள்.

ஐந்தாம் படி: ஈரத்தோடு போராட்டம்

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். மிஸ்ட் (பனிமூட்டம்) வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். காற்றின் ஈரப்பதன் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கும். சின்ன ஈரமானி ஒன்று வாங்கி அலுமாரிக்குள் வையுங்கள். 60க்குக் கீழே வைத்திருக்கப் பாருங்கள். அலுமாரியை வெளிச்சுவரோடு ஒட்டி வைக்கவேண்டாம், ஒரு சாண் இடைவெளி விடுங்கள். கீழ்த்தட்டைக் காலியாக விடுங்கள். புத்தகங்களைச் செருகி இறுக்காமல், நடுவில் காற்றுப் போக விடுங்கள். சிலிக்கா ஜெல் பொதிகளை மாதம் ஒருமுறை சூடாக்கி மறுபடி வையுங்கள். அரிசி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது பூச்சியைத்தான் கூப்பிடும். பொலித்தீனில் இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே நின்று வேகும். காகிதத்தில் சுற்றுங்கள்.

நம்முடைய மலையில் ஒரு வசதி உண்டு. தென்மேற்குப் பருவத்தில் அட்டன், மஸ்கெலியா, நோர்வூட் எல்லாம் நனைந்து கிடக்கும்போது மலையின் கிழக்கே ஊவாப் பக்கம் காய்ந்த காற்று அடிக்கும். ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை ஊவாக் கொழுந்துக்குத் தரம் கூடுவதும் அந்தக் காற்றால்தான். ஈரம் பிடித்த கட்டுகளை அந்த மாதங்களில் பண்டாரவளையில் இருக்கும் சித்தி வீட்டுக்கு ரயிலில் கொண்டுபோய், வெயில் நேரே படாத திண்ணையில் விசிறியாக நிறுத்தி வைப்பேன். ஒரு வாரத்தில் தாள் சலசலவென்று பேசும்.

பூஞ்சணம் பிடித்ததை ஈரமாக இருக்கும்போது துடைக்காதீர்கள், அப்பிக்கொள்ளும். நன்றாகக் காயவிட்டு, முகக்கவசம் போட்டு, வீட்டுக்கு வெளியே மென்மையான தூரிகையால் தட்டுங்கள். இராமபாணப் பூச்சி இருந்தால் புத்தகத்தைக் காற்றுப் புகாத பையில் போட்டு டீப் பிரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு முழு நாள் விடவேண்டும். சஞ்சிகைகளின் இரும்புப் பின்னில் துரு ஏறினால் தாளைத் தின்றுவிடும். மெதுவாகக் கழற்றிவிட்டுப் பருத்தி நூலால் கட்டுங்கள். பரண் புகையில் கிடந்தவற்றில் பூச்சி குறைவு, கரி அதிகம். கரியைத் தண்ணீரால் தொடாதீர்கள். காய்ந்த தூரிகை, அதன்பிறகு மெல்லிய வெள்ளை அழிறப்பர், அதுவும் ஓரத்தில் மட்டும். புகை வாசத்தைப் போக்க நான் முயல்வதில்லை. அது அந்தப் புத்தகத்தின் ஊர் வாசம்.

செலோடேப் மட்டும் ஒருநாளும் வேண்டாம்.

ஆறாம் படி: விலை

மூன்று கேள்வி. எத்தனை பிரதி மிஞ்சியிருக்கும்? யாருக்கு வேண்டும்? எவ்வளவு முழுமையாக இருக்கிறது? பழையது என்பதற்காக மட்டும் விலை இல்லை. 1920இல் அச்சான பக்திப் பாடல் தொகுப்பு ஐந்நூறு ரூபாவுக்கும் போகாமல் கிடக்க, 1980களின் ஒரு கவிதைத் தொகுப்பு அதைப்போல் பத்து மடங்குக்குப் போகலாம்.

செலவை ஒழுங்காகக் கூட்டுங்கள். ஒரு நாவலை 1,500 ரூபாவுக்கு வாங்குகிறீர்கள். பஸ் 400, சுத்தம் செய்யவும் சுற்றவும் 200, பொதி கட்ட 250. அப்போதே 2,350. தபால் தனி. 3,000க்கு விற்றால் கையில் நிற்பது 650. அதற்காக நீங்கள் செலவழித்தது ஒரு முழு நாள். இதைக் கொப்பியில் எழுதிப் பார்க்காத பிள்ளைகள் ஆறு மாதத்தில் சோர்ந்து போகிறார்கள். உள்ளூர் வாசகருக்கு ஒரு விலை, கனடாக்காரருக்கு ஒரு விலை என்று வைக்காதீர்கள். குறையை விலைக்கு முன்னால் எழுதுங்கள்: முதுகு வெடிப்பு, பூச்சித் துளை, 33–36 பக்கங்கள் இல்லை, அட்டை ஒளிப்பிரதி. வாங்கியவர் பெட்டியைத் திறந்து பார்க்கையில் நீங்கள் சொன்னதைவிடப் புத்தகம் நன்றாக இருக்கவேண்டும்.

ஏழாம் படி: சட்டம், பதிவு, அனுப்புதல்

வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிவு செய்யுங்கள். என்னென்ன ஆவணம் வேண்டும் என்று கிராம உத்தியோகத்தரிடம் முதலில் கேட்டுக்கொண்டு போனால் இரண்டு தடவை அலைய வேண்டாம். ஏட்டுச்சுவடிகளைத் தொடாதீர்கள். தொல்பொருள் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்திய பொருள்களைத் தொல்பொருளாகக் கருதுகிறது. 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கச் சட்டப்படி கலாசாரச் சொத்துகளை அனுமதிப் பத்திரம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. மிகப் பழைய அச்சு நூலை வெளிநாட்டுக்கு அனுப்பும் முன் தொல்பொருளியல் திணைக்களத்தில் எழுத்தில் கேளுங்கள்.

பொதி: காகிதம், அதற்கு மேல் பொலித்தீன், இரண்டு பக்கமும் கனமான மட்டை, மூலைகளுக்கு மடித்த அட்டை. பதிவுத் தபாலில் போடுங்கள். தோட்ட முகவரிக்கு அனுப்பும்போது ஒரு கவனம் வேண்டும். பல தோட்டங்களில் தபால் இன்னும் தோட்டக் கந்தோர் (அலுவலகம்) வழியாகத்தான் போகிறது. நாள் கணக்கில் அங்கேயே தங்கும். வாங்குகிறவரிடம் டவுன் கடை அல்லது பள்ளிக்கூட முகவரி ஒன்று கேட்டு வாங்குங்கள்.

எட்டாம் படி: தொலைக்காட்சி வேலையோடு சேர்த்து நடத்துவது

இலங்கைத் தொலைக்காட்சிகளில் ஐடிஎன் 1979இலும் ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இலும் தொடங்கின. தமிழுக்கென்று சக்தி 1998இலும் வசந்தம் 2009இலும் வந்தன. மலையகம் பற்றிய நிகழ்ச்சி என்றால் இன்றைக்கும் கொழுந்து பறிக்கும் கையைக் காட்டிவிட்டு முடித்துவிடுகிறார்கள். 2023இல், மலையக மக்கள் இலங்கைக்கு வந்து 200 ஆண்டானதை ‘மலையகம் 200’ என்று நினைவுகூர்ந்த நேரத்தில்தான் “பழைய பத்திரிகை இருக்கா, படம் இருக்கா, அந்தக் காலத்து மலர் இருக்கா” என்று கேட்டு எனக்கு அழைப்புகள் வந்தன. நீங்கள் நுழையவேண்டிய கதவு அதுதான்: நிகழ்ச்சி ஆய்வு உதவி, இடம் பார்த்துக் கொடுத்தல், கலை இயக்க உதவி. முகம் காட்டும் வேலைக்கு வரிசை நீளம். ஒரு தகவலை ஆதாரத்தோடு கொண்டுவந்து மேசையில் வைக்கும் ஆள்தான் கிடைப்பதில்லை.

வேலையை ஒப்புக்கொள்ளும்போது நாள் கூலி, சாப்பாடு, போக்குவரத்து, பணம் வரும் திகதி நாலையும் எழுத்தில் வாங்குங்கள். வட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் போதும். ஒரு தயாரிப்பில் எனக்கு ஐந்து மாதம் கழித்துத்தான் பணம் வந்தது. அதிலிருந்து இரண்டு வங்கிக் கணக்கு வைத்திருக்கிறேன். புத்தகம் வாங்குவது புத்தகம் விற்ற காசில் மட்டும்.

புத்தகத்தைப் படம்பிடிப்பதில் உங்களுக்குத்தான் கை அதிகம். சுத்தமாகக் கழுவிக் காயவைத்த வெறுங்கை போதும். கையுறை போட்டால் தாளின் மென்மை தெரியாமல் கிழியும். இரண்டு துவாயைச் சுருட்டி இரு பக்கமும் வைத்து நடுவில் புத்தகத்தைக் கிடத்தினால் முதுகு வெடிக்காது. எல்இடி விளக்கு மட்டும், சூடான பழைய விளக்கு வேண்டாம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். 25 பிரேமில் எடுக்கும்போது ஷட்டரை ஐம்பதில் ஒன்றில் வையுங்கள், வெளிச்சம் துடிக்காது. ஒரு விளக்கைத் தாளின் மட்டத்துக்கு இறக்கிப் பக்கவாட்டில் பிடியுங்கள். ஈய எழுத்தின் பள்ளங்களில் நிழல் விழும். ஒரு வெறும் பக்கம் உழுத வயல் போல எழுந்து நிற்கும். டைரக்டர் ‘கட்’ சொல்ல மறந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

நாடகங்களுக்குப் புத்தகம் இரவல் கேட்பார்கள். ஒருமுறை 1960களின் சஞ்சிகை ஒன்றைக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது அட்டை முழுக்க செலோடேப். கதாநாயகன் கிழிக்கும் காட்சி ஒன்றை இடையில் சேர்த்துவிட்டார்களாம். அதன்பிறகு மூலப் பிரதி கொடுப்பதில்லை. அட்டையை நிறத்தில் அச்சிட்டுப் பழைய கொப்பி ஒன்றுக்கு உறை போட்டுக் கொடுக்கிறேன். கெமராவுக்கு வித்தியாசம் தெரியாது. மூலம்தான் வேண்டுமென்றால் நானும் கூடப் போவேன், வாடகையும் ஈட்டுத் தொகையும் முன்னதாக எழுதி வாங்கிக்கொண்டு.

ஒன்பதாம் படி: விற்றபின் திரும்பப் போவது

மாதக் கடைசி ஞாயிறு கொப்பியைத் திறந்து, விற்றவற்றுக்கு நேரே கூடுதல் விலை கிடைத்ததா என்று பார்த்துக் குறியுங்கள். கிடைத்திருந்தால் சீட்டை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போங்கள்.

மஸ்கெலியா நாவல் நான் நினைத்ததைவிட நல்ல விலைக்குப் போனது. கால்வாசிப் பணத்தோடு, மே தின மலரின் பக்கங்களை அச்சிட்ட ஒரு கட்டும், உள்ளே இருந்த சம்பளச் சீட்டும் கொண்டுபோனேன். அம்மாயி பணத்தை எண்ணாமல் முந்தானையில் முடிந்தார். சம்பளச் சீட்டைக் கையில் வாங்கி, “இதுல அவரு பேரு எங்க இருக்கு தம்பி?” என்று கேட்டார். விரலைப் பிடித்து அந்த எழுத்துகளின்மேல் வைத்தேன். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு, எழுந்துபோய்ச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகினார். அச்சிட்ட கட்டு தகரப் பெட்டிக்குள் போனது.